முட்டுக்கட்டைக் கணக்கு

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டைக்காரரைத் தெரிந்திருக்கும். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த மூலையில் எப்படித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் சக்கரத்தடியில் கட்டையைச் செருகும் நாலைந்து பேர் கையில் இருக்கிறது. புனே லோஹேகாவ் விமான நிலையத்தில் விடிகாலை விமானம் ஒன்றில் ஜன்னலோர இடம் கிடைத்தால், அவர்களுடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கீழே பார்க்கலாம். ஒளிரும் மேற்சட்டை, காதுக்கு இரைச்சல் மூடி. மூக்குச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கிடக்கும் ரப்பர் கட்டைகளை, அவற்றில் கோத்த கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார். இழுவை வண்டி மெல்லத் தள்ள, பல பத்து டன் எடையுள்ள விமானம் பின்னோக்கி நகர்கிறது.

அந்த நகர்வில்தான் விமானியின் மணி ஓட ஆரம்பிக்கிறது. பறப்பதற்காக விமானம் முதலில் நகரும் கணம் தொடங்கி, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும் கணம் வரை உள்ளதுதான் ‘பறப்பு நேரம்’. உலக விமானத் துறை ஒப்புக்கொண்ட இலக்கணம் இது. தொழிலில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். பிளாக் என்றால் அந்தக் கட்டைதான். கட்டை எடுத்ததிலிருந்து கட்டை போடும் வரை. நாமும் ‘கட்டை நேரம்’ என்றே வைத்துக்கொள்வோம்.

இன்று இந்த நிமிடங்களைக் குறிப்பதற்கு யாருடைய கைக்கடிகாரத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கதவுகள் மூடி, நிறுத்த பிரேக்கை விடுவித்ததும் விமானமே தன் நிறுவனத்துக்குத் தந்தி மாதிரி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது: கிளம்பிவிட்டேன். சக்கரம் தரையை விட்டதும் இரண்டாவது செய்தி. தரையைத் தொட்டதும் மூன்றாவது. நிறுத்துமிடத்தில் வந்து நின்றதும் நான்காவது. ஒரு விமானி இந்த மாதம் இன்னும் எவ்வளவு பறக்கலாம், எவ்வளவு சம்பளம், எப்போது கேப்டன் ஆகலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த நாலு செய்திகளின் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

விமானி ஒருவர் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால், “அங்கே சம்பளம் ஜாஸ்தி போல” என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். அவர் உட்கார்ந்து போடும் கணக்கோ வேறு மாதிரி. அதில் மூளையின் நரம்பணுக்கள் வருகின்றன, கணிதத்தின் கடினமான புதிர் ஒன்று வருகிறது, உயர் நீதிமன்றம்கூட வருகிறது.

ஒரே சம்பளம், இரண்டு நாட்கள்

முதலில் சம்பளத்தையே பார்ப்போம். பல நிறுவனங்களில் விமானியின் ஊதியம் இரண்டு துண்டு. மாதத்துக்கு இத்தனை மணி என்று நிறுவனம் உறுதி தரும் நேரத்துக்கு நிலையான தொகை. அதற்கு மேல் பறந்தால் மணிக்கணக்கில் கூலி. உறுதி மணி கூடுதலாக இருந்தால், விமானம் பழுதாகி நின்றாலும் மழைக்காலத்தில் பயணம் குறைந்தாலும் வீட்டுக் கடன் தவணைக்குக் கவலையில்லை. 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் விஸ்தாரா நிறுவனம், ஏர் இந்தியாவுடன் இணைவதற்கு முன்னோட்டமாகப் புதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. 70 மணியாக இருந்த உறுதி 40 மணியாக இறங்கியது. விமானிகள் கொதித்தார்கள். பலர் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். அந்த மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பயணங்கள் அடுத்தடுத்து ரத்தாகின. மணிக்கூலி எவ்வளவு என்பதைவிட, எத்தனை மணிக்கு உத்தரவாதம் என்பதே அவர்களுக்குப் பெரிய எண்.

அடுத்த நுணுக்கம் இன்னும் சுவாரசியமானது. இரண்டு நிறுவனங்களில் மணிக்கூலி ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் ஒரு விமானிக்கு ஒரே நாளில் ஒன்றரை மணி நேரப் பயணங்கள் நான்கு தருகிறது. கட்டை நேரம் 6 மணி. இரண்டாவது நிறுவனம் மூன்று மணி நேரப் பயணங்கள் இரண்டு தருகிறது. அங்கும் 6 மணி. கூலி ஒன்றுதான்.

ஆனால் பணி நேரம் வேறொரு கடிகாரத்தில் ஓடுகிறது. புறப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே விமானி வந்து கையெழுத்திட வேண்டும். வானிலை, எரிபொருள், விமானத்தின் பழுதுப் பதிவேடு என எல்லாவற்றையும் அப்போதே படித்தாக வேண்டும். இறங்கி மறுபடி ஏறுவதற்கு நடுவே ஒவ்வொரு முறையும் முக்கால் மணி என்று கொள்வோம். முதல் விமானியின் நாள்: வருகைக்கு 1 மணி, பறப்பு 6 மணி, மூன்று இடைவேளைக்கு இரண்டேகால் மணி. மொத்தம் 9 மணி 15 நிமிடம். இரண்டாமவருக்கு ஒரே இடைவேளை என்பதால் 7 மணி 45 நிமிடம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி வித்தியாசம். மாதம் 15 நாள் இப்படிப் போனால் 22 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அந்த ஒரு நாள் சம்பளச் சீட்டில் எந்த வரியிலும் தென்படாது.

இதோடு இறக்கங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானியின் மூளைக்கு அதிக வேலை தருபவை எழும்பும் சில நிமிடங்களும் இறங்கும் சில நிமிடங்களும்தான். நாலு பயணம் போனவர் அந்தப் பரீட்சையை நாலு முறை எழுதியிருக்கிறார். அதனால்தான் சட்டமும் இறக்கங்கள் கூடக் கூட அன்றைய பணி நேரத்தின் உச்ச வரம்பைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

தலைக்குள் ஓடும் கடிகாரம்

இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் ஒரு சின்ன அணுக்கூட்டம் இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள். அரிசி மணியைவிடச் சிறியது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். பொழுது விடிந்ததைக் கண் வழியாக அறிந்துகொண்டு, எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு போகிறது. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை. உடல் வெப்பம் தாழ்ந்து, கவனம் மங்கி, முடிவெடுக்கும் வேகம் குறையும் நேரம் அது. விமானத் துறை இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது. தமிழில் ‘விழிப்புப் பள்ளம்’ எனலாம். இரவுப் பேருந்து ஓட்டுநர்கள் விழுப்புரம் தாண்டி டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டுவதும் இந்தப் பள்ளத்தில்தான். நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் அது விடாது.

இதற்கு மேல் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் ஏறும். தூங்கினால்தான் வடியும். விழிப்புப் பள்ளமும் அடினோசின் மேடும் ஒரே நேரத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்சம் 0.03 சதவீதம். மது ஒரு சொட்டும் தொடாதவர், வெறும் விழிப்பாலேயே போலீஸ் பிடிக்கும் அளவைத் தாண்டிவிடுகிறார். ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கருவிதான் இதற்கு இல்லை.

காபி குடித்தால் சரியாகுமா? காபியில் உள்ள காஃபீன் அடினோசினை வடிக்காது. அது உட்கார வேண்டிய நாற்காலியில் முந்திக்கொண்டு தான் உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். அடினோசின் வாசலிலேயே காத்திருக்கும். மேலும், குடித்த காஃபீனில் பாதி கரைவதற்குச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். விடிகாலை 4 மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி, காலை 9 மணிக்கு ஓட்டல் அறைத் திரையை இழுத்துவிட்டு விமானி படுக்கும்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

குட்டித் தூக்கம் உதவும். நாசா 1994-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தூரப் பயணங்களில் சக விமானி கவனித்துக்கொள்ள, ஒருவர் தன் இருக்கையிலேயே சராசரியாக 26 நிமிடம் தூங்கினார். செயல்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் கூடியதாக அளந்தார்கள். ஆனால் அந்தத் தூக்கத்துக்கும் அளவு வேண்டும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவைக் கேட்ட விசாரணைக் குழு, கேப்டன் பயணத்தின் ஒரு மணி 40 நிமிடம் தூங்கியிருந்ததைக் கண்டது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழு வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். இதைத் ‘தூக்க மந்தம்’ எனலாம். இறங்கும் முடிவுகள் தவறிப்போனதற்கு இதையும் ஒரு காரணியாக அறிக்கை குறிப்பிட்டது.

எச்சரிக்கை மணி அடித்து ஓய்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் பாத்திக் ஏர் விமானம் ஒன்று 153 பயணிகளுடன் பறந்துகொண்டிருந்தபோது, விமானிகள் இருவருமே சுமார் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். இரவில் அவரும் மனைவியோடு விழித்திருந்து பார்த்துக்கொண்டவர். விமானம் பத்திரமாக இறங்கியது. ஓய்வு நேரம் என்று தாளில் எழுதியிருப்பதும் உண்மையில் தூங்கிய நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தத் தொட்டிலே சாட்சி.

48 மணி நேரம்

2023 ஆகஸ்ட் 17 அன்று நாக்பூரிலிருந்து புனே வர வேண்டிய இண்டிகோ விமானத்தின் கேப்டன், நாக்பூர் நிலையத்தில் விமானத்துக்குள் நுழையும் வாயிலருகே மயங்கி விழுந்து இறந்தார். முந்தைய நாள் அதிகாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே திருவனந்தபுரம்–புனே–நாக்பூர் என இரண்டு பயணம் ஓட்டியிருந்தார். பிறகு 27 மணி நேர ஓய்வு. அன்றைக்கு அவருக்கு நாலு பயணங்கள் இருந்தன. எல்லாமே விதிக்குள். அந்த மரணத்துக்குக் களைப்புதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் விதிக்குள் இருப்பதும் உடம்புக்குள் இருப்பதும் ஒன்றா என்று விமானிகள் உரக்கக் கேட்கத் தொடங்கினார்கள்.

2024 ஜனவரி 8 அன்று, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. புதிய பணிநேர வரம்புகளை வெளியிட்டது. வாராந்திரத் தொடர் ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவு என்பது அதிகாலை 5 மணியோடு முடிந்துகொண்டிருந்தது. இனி 6 மணி வரை. இரவைத் தொடும் பணியில் பறப்பு 8 மணியையும் பணி 10 மணியையும் தாண்டக் கூடாது. இரவுப் பணியில் இறக்கங்கள் 6-லிருந்து 2-ஆகக் குறைந்தன. விழிப்புப் பள்ளத்தைச் சட்டம் கோடு போட்டு அடைத்த மாதிரி. நிறுவனங்கள் அவகாசம் கேட்டன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக அமலாயிற்று.

இந்த மாற்றத்தின் எடையை விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி. 36 மணி ஓய்வு போனால் 132 மணிக்குள் வேலை தரலாம். 48 மணி போனால் 120 மணிக்குள். ஆக, 100 விமானிகளை வைத்து ஓட்டிய அட்டவணைக்கு இந்த ஒரு விதியால் மட்டுமே தோராயமாக 110 பேர் தேவைப்படலாம். இரவு இறக்க வரம்பு தனிக் கணக்கு.

ஒரு விமானத்துக்கு எத்தனை விமானிகள் என்ற கணக்கும் வியப்பானது. காக்பிட்டில் இரண்டே நாற்காலிகள். ஆனால் உள்நாட்டு விமானம் ஒன்று நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் பறந்தால் ஆண்டுக்கு 4,380 மணி. இருவருக்குமாக 8,760 மணி. ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது, வாரத்துக்கு 35 மணிக்கு மேலும் கூடாது. எல்லாரும் ஒரு நிமிடம்கூட மிச்சமின்றி உச்சம் வரை பறந்தாலே 9 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், மருத்துவப் பரிசோதனை, ஆண்டுக்கு இரண்டு முறை சிமுலேட்டரில் தேர்வு என்று சேர்த்தால் நடைமுறையில் ஒரு டஜனைத் தாண்டும். ரெண்டு நாற்காலிக்குப் பன்னிரண்டு பேர்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பர் முதல் வாரம் நாடு முழுக்கப் பார்த்தது. நாளொன்றுக்கு 2,200-க்கு மேல் பயணங்கள் இயக்கும் இண்டிகோ, டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. புனேயிலும் பெட்டிகள் குவிந்தன, கல்யாணங்களுக்குப் போக வேண்டியவர்கள் தரையில் படுத்தார்கள். இரண்டாம் கட்ட விதிகளுக்கான திட்டமிடலில் தப்புக் கணக்குப் போட்டதே முக்கியக் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டதாக டி.ஜி.சி.ஏ. தெரிவித்தது. 2026 பிப்ரவரி 10 வரை இரவு வரம்புகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது.

மூன்றரைக் கோடி ஆண்டுப் புதிர்

மாதத்துக்கு ஒரு முறை விமானியின் கைபேசியில் வந்து விழும் பணி அட்டவணையை அவர்கள் ரோஸ்டர் என்கிறார்கள். பார்த்தால் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரிதான். அதன் பின்னால் இருப்பது கணிதத்தின் முரட்டுப் புதிர்களில் ஒன்று. ஊரிலிருந்து கிளம்பி, சில பயணங்கள் ஓட்டி, ஓட்டலில் தங்கி, மறுபடி ஊர் திரும்பும் ஒரு சுற்று தேவை. எல்லாப் பயணங்களும் ஏதோ ஒரு சுற்றில் ஒரே ஒரு முறை இடம்பெற வேண்டும். எந்தச் சுற்றும் ஓய்வு விதியை மீறக் கூடாது. செலவும் குறைய வேண்டும்.

வெறும் 50 பயணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சுற்றில் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவுகளின் எண்ணிக்கை 2-ஐ 50 முறை பெருக்கினால் வருவது: சுமார் 1,126 லட்சம் கோடி. நொடிக்கு ஒன்று வீதம் சரிபார்த்தால் மூன்றரைக் கோடி ஆண்டு ஆகும். இதில் 2,200 பயணங்களுக்கு எங்கே போவது? அதனால் கணினி எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஓரளவு நல்ல அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை மேம்படுத்தக்கூடிய புதிய சுற்று ஏதாவது உண்டா என்று மட்டும் திரும்பத் திரும்பத் தேடுகிறது. காய்கறிச் சந்தை முழுவதையும் வாங்கிப் பார்க்காமல், இன்றைய சாம்பாருக்கு எது குறைகிறது என்று மட்டும் கேட்கும் பாட்டியின் முறை.

புனே போன்ற ஊர் இந்தப் புதிரை இன்னும் இறுக்கும். லோஹேகாவ் அடிப்படையில் இந்திய விமானப் படையின் தளம். பயணிகள் விமானங்களும் போர் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓடுபாதைச் சீரமைப்புக்காக 2020 அக்டோபர் 26 முதல் சுமார் ஓராண்டு, இரவு 8 முதல் காலை 8 வரை இங்கே பயணிகள் விமானமே இல்லை. 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை 14 நாட்கள் முழு அடைப்பு. ஓர் ஊரின் தார் போடும் வேலை, நாட்டின் மறுகோடியில் இருக்கும் விமானியின் மகள் பிறந்தநாளை ரோஸ்டரில் நகர்த்திவிடும்.

அந்தப் பிறந்தநாளுக்கும் கணினியில் இடம் உண்டு. எந்த நாள் விடுமுறை வேண்டும், எந்த ஊரில் தங்கப் பிடிக்கும் என்று விமானிகள் விருப்பம் பதிவு செய்யும் முறைகள் பல நிறுவனங்களில் இருக்கின்றன. யாருடைய விருப்பம் முதலில் நிறைவேறும் என்பதற்குப் பணிமூப்பு எண் ஒன்று போதும்.

வரிசையின் கடைசிக்குப் போவது

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் பணிமூப்புதான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன், கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் என எதையும் அந்த எண் முடிவு செய்யும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு? சில நிறுவனங்களில் வயதில் மூத்தவர் முன்னால் நிற்பார். நம் கல்யாணப் பந்தியின் நியாயம்தான். 20 ஆண்டு அனுபவக் கேப்டன் அங்கே நிறுவனம் மாறினால், நேற்றுச் சேர்ந்த இளைஞருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். ரேஷன் கடையில் பாதி வரிசை நகர்ந்தபின் வேறு கடைக்கு மாறுவது போல. அதனால் அங்கே பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்தவர் பெரும்பாலும் அங்கேயே ஓய்வு பெறுகிறார்.

இந்தியாவில் கதை வேறு. இங்கே அனுபவமுள்ள கேப்டனை நேரடியாக இடது இருக்கையில், அதாவது கேப்டனின் இருக்கையில், உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. வரிசையை நம்பிக் காத்திருந்தவர்களுக்குக் கடையே மூடிய அனுபவமும் உண்டு. சென்னையிலிருந்து பறந்த பாரமவுன்ட் 2010-இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012-இல். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 முதல். கம்பெனி போனால் பணிமூப்பு எண்ணும் அன்று ராத்திரியே போய்விடும். விஸ்தாரா விமானிகள் எங்கும் மாறவில்லை. 2024 நவம்பர் 12 அன்று நிறுவனமே அவர்கள் காலடியில் ஏர் இந்தியாவாக மாறிவிட்டது.

மாறுவதற்கு இன்னொரு தடை விமானத்தின் ரகம். லைசென்ஸ் இருந்தாலும் எல்லா விமானத்தையும் ஓட்ட முடியாது; ஒவ்வொரு ரகத்துக்கும் தனித் தகுதி வேண்டும். இதற்கு டைப் ரேட்டிங் என்று பெயர். ஏர்பஸ் ஏ320-இல் ஓட்டுக் கைப்பிடி விமானியின் பக்கவாட்டில், வீடியோ விளையாட்டுக் குச்சி போல இருக்கும். விமானி சொல்வதைக் கணினி கேட்டு, ஆபத்தான கட்டளையை அடக்கி, பிறகே இறக்கைக்கு அனுப்பும். போயிங் 737-இல் இரண்டு கால்களுக்கு நடுவே நிற்கும் பழைய மாதிரிப் பிடி. இண்டிகோவிலும் ஏர் இந்தியாவிலும் ஏ320 குடும்பம். ஆகாசாவிலும் ஸ்பைஸ்ஜெட்டிலும் 737. ரகம் விட்டு ரகம் தாவ வகுப்பு, சிமுலேட்டர், பயிற்றுநர் மேற்பார்வையில் பயணிகளோடு பறப்பு என்று மாதங்கள் ஓடிவிடும். ஆனால் ஏ320 ஓட்டுபவர் ஏ330, ஏ350 போன்ற பெரிய விமானங்களுக்குக் குறுகிய பயிற்சியிலேயே ஏறலாம். காக்பிட்டை ஏர்பஸ் வேண்டுமென்றே ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. வளைகுடா நிறுவனங்கள் கூப்பிடும்போது இந்த ஒற்றுமை பெரிய கதவைத் திறக்கிறது.

கடைசித் தடை சட்டம். மற்ற வேலையில் ஒரு மாதம், மூன்று மாதம் முன்னறிவிப்புத் தந்துவிட்டு விலகலாம். 2017 முதல் டி.ஜி.சி.ஏ. விதிப்படி துணை விமானி 6 மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய நிறுவனம் சேர்க்கக் கூடாது. இன்னொருவரைப் பயிற்றுவித்து அந்த இருக்கையில் அமர்த்தப் பல மாதம் பிடிக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அதே விதியில் ஒரு சுவையான எதிர்க்கட்டையும் உண்டு: முன்னறிவிப்புக் காலத்தில் நிறுவனம் சம்பளத்தையோ சலுகையையோ குறைத்தால், காலம் முடியுமுன்பே தன்னை விடுவிக்குமாறு விமானி கேட்கலாம்.

2023-இல் அந்தக் கட்டை கழன்றது. ஆகாசாவிலிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலம் முடியாமலே வெளியேறினார்கள். ஆகாசாவிடம் அப்போது சுமார் 20 விமானங்கள். டஜன் கணக்கில் பார்த்தால் 43 பேர் என்பது மூன்றரை விமானங்களின் ஆட்கள். நூற்றுக்கணக்கான பயணங்கள் ரத்தாகின. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. ஊழியரின் போகும் உரிமை பெரிதா, டிக்கெட் வாங்கிய பயணியின் நாள் பெரிதா என்ற கேள்வி அங்கே வாதமாயிற்று. ஒருவரை ஒரு வருடம் கட்டிவைப்பது கொத்தடிமைத்தனத்தின் நாகரிகப் பெயர் என்பது விமானிகள் தரப்பு. திடீரென்று போனால் பொதுநலன் கெடும் என்பது நிறுவனங்கள் தரப்பு. என் பார்வையில், நல்ல ரோஸ்டர் தரும் நிறுவனத்துக்கு ஒரு வருடக் கட்டை தேவைப்படாது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் விமானி முடிவெடுக்கிறார். உறுதி மணி எத்தனை, ஒரு நாளில் எத்தனை இறக்கம், மாதத்தில் எத்தனை இரவு, ரோஸ்டர் சொன்னபடி நிற்குமா, வரிசையில் எங்கே நிற்பேன், எத்தனை மாதத்தில் விடுவார்கள். சம்பள எண் இந்தப் பட்டியலில் ஒரு வரி.

இனி பயணிகளாகிய நம் பங்கு. 2023 ஜூன் 25 அன்று லண்டனிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானம், மோசமான வானிலையால் ஜெய்ப்பூரில் இறங்கியது. வானிலை தெளிவதற்குள் விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது. டெல்லிக்கு ஒரு மணிக்கும் குறைவான தூரம்தான். அவர்கள் மேற்கொண்டு ஓட்ட மறுத்தார்கள். பயணிகளுக்குக் கோபம், பலர் சாலை வழியே போனார்கள். அந்தக் கோபம் இயல்பு. ஆனால் மறுத்தவர்கள் செய்தது சரி.

முட்டுக்கட்டை என்ற சொல்லைத் தமிழில் திட்டுவதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். சரிவான தெருவில் தேரோடு நடந்தவர் அப்படிப் பயன்படுத்த மாட்டார். அடுத்த முறை புனேயிலோ மீனம்பாக்கத்திலோ “விமானிகளின் பணி நேரம் முடிந்ததால் புறப்பாடு தாமதம்” என்று ஒலிபெருக்கி சொன்னால், கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளிடம் சத்தம் போடாதீர்கள். யாரோ ஒருவர் சரியான நேரத்தில் கட்டையைப் போட்டிருக்கிறார்.